கவச முயல் மன்னிப்புக் கேட்குமா?

முகப்பேர்,
4-11-2025

அன்புள்ள ஆக்னஸ் அக்காவுக்கு,

எழிலரசி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் குரல் உயர்ந்துவிடும் என்று பயந்து, எங்கள் பள்ளி வேன் டிரைவர் டில்லிபாபுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் மாடி வீட்டு நிஷாவைப் பற்றித்தான். அவள் அம்மா சௌம்யா ஆபீஸிலிருந்து வரும்வரை உங்கள் வீட்டில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்க்கிறாளாமே. நேற்று மூன்றாம் வகுப்பில் பிரசன்னா என்ற புதுப் பையன் தமிழில் பேசினான். வழக்கம்போல், 'நான் தமிழ் பேசினேன்' என்று ஆங்கிலத்தில் எழுதிய பலகையை அவன் கழுத்தில் மாட்டினார்கள். இவள் மழைக்கோட்டை முதுகில் கட்டிக்கொண்டு எழுந்து வந்தாள். "முதல்ல என்னைத் தாண்டிப் போங்க மிஸ்" என்று சொல்லிப் பலகையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஏதோ கார்ட்டூனில் வரும் கவச முயலின் வசனமாம். பலகையோடேயே வீட்டுக்கும் போய்விட்டாள். இன்று பார்த்தால், இருபது பிள்ளைகள் அட்டைப்பெட்டியை வெட்டிக் கவசமாக மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்!

பதினான்காம் தேதி குழந்தைகள் தின விழாவில் எல்லோர் முன்னாலும் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் டி.சி.தான். நிர்வாகம் முடிவாகச் சொல்லிவிட்டது. சிறப்பு விருந்தினர் நீங்கள். கார்ட்டூனின் தீமைகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள். பலகையையும் வாங்கி அனுப்புங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
எழிலரசி


கள்ளிக்குப்பம்,
6-11-2025

என் அன்பு எழில்,

மழை வருவதை என் முழங்கால் முதல் நாளே சொல்லிவிடுகிறது. மற்றபடி சுகம். உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு டில்லிபாபு, "இன்னா டீச்சர், ஒங்க ஊட்டுப் பாப்பா இஸ்கூலையே ஆட்டிகினு கீது! வேன்ல ஏறுனா அல்லாம் சல்யூட் அடிக்குதுங்க" என்றான். சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

கார்ட்டூன் பார்ப்பது உண்மை. நானும் கூட உட்கார்ந்து பார்க்கிறேன். அதே முயலைப் பார்த்து உதைக்கக் கற்றவனும் இருக்கிறான். பக்கத்து வீட்டு வெங்கட் என் ரோஜாத் தொட்டியை அரக்கன் என்று எண்ணி உடைத்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடி விழும் நேரத்தில் முயல் சின்னவர்களுக்கு முன்னால் போய் நிற்கிறதே, நிஷா அதைப் பிடித்துக்கொண்டாள். நாம் எத்தனை வருடம் நீதிபோதனை வகுப்பு எடுத்தோம்! நம் பிள்ளைகளில் ஒருவராவது அடுத்தவனுக்காக எழுந்து நின்றதுண்டா?

பலகையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், '3 பி, 1996'. என் கையெழுத்து. நம் பழைய பள்ளியில் அதைத் தச்சரிடம் சொல்லிச் செய்தவள் நான்தானே, எழில்? அந்த வருடம் ஜெகன் என்று ஒருவன் இருந்தான். இரண்டு நாள் பலகை மாட்டியபின் அவன் வாயே திறக்கவில்லை. ஒன்றுக்குப் போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாமல் பெஞ்சிலேயே நனைத்துக்கொண்டான். நான் அதற்கும் திட்டினேன்.

கார்ட்டூனைத் திட்டிப் பேச என்னால் ஆகாது. இப்போது தலைமையாசிரியை நீ. அந்த வழக்கத்தை நீ நிறுத்து.

அன்புடன்,
ஆக்னஸ்


முகப்பேர்,
8-11-2025

அக்கா,

அந்தப் பலகையை எனக்குக் கொடுத்ததே நீங்கள்தான். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, "இது இருந்தால் குரலை உயர்த்தவே வேண்டாம்" என்று கையில் தந்தீர்கள். இருபது வருடமாக அதை உங்கள் ஆசீர்வாதமாகவே வைத்திருந்தேன். இன்று ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுகிறீர்கள். பிள்ளைக்கு இங்கிலீஷ் வரவில்லை என்று பெற்றோர் வந்து நிற்பது என் அறையில்தான்.

விழாவுக்கு வேறு விருந்தினரைச் சொல்லியாகிவிட்டது. நீங்கள் வர வேண்டாம். நிஷா மன்னிப்புக் கேட்காவிட்டால் அன்றைக்கே டி.சி.

எழிலரசி


கள்ளிக்குப்பம்,
12-11-2025

என் அன்பு எழில்,

நீ எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. கொடுத்தவள் நான்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

சௌம்யா நேற்று அழுதாள். "ஒரு சாரிதானே டீச்சர், சொல்லச் சொல்லுங்க. நடு வருஷத்துல எந்த ஸ்கூல்ல சேப்பாங்க?" என்றாள். சரி என்று நிஷாவை உட்கார வைத்துக் கேட்டேன்.

"ஏன்டி, உன் முயல் சாரியே சொல்லாதா?"

"சொல்லுமே. தப்பு பண்ணா சொல்லும்."

"இப்ப?"

"நான் பண்ணலையே டீச்சர். இந்த போர்டை யார் செஞ்சாங்களோ அவங்கதான் சொல்லணும்."

பலகையின் பின்பக்கத்தைக் காட்டி, செய்தவள் நான்தான் என்றேன். எழுத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நீங்க சொல்லுங்க. பயமா இருந்தா நான் கூட நிக்கிறேன்" என்றாள்.

ஆகவே, பதினான்காம் தேதி காலை நாங்கள் வருகிறோம். சௌம்யாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு லீவு போட்டுவிட்டாள். நீ கேட்ட மன்னிப்பு, நீ சொன்னபடியே எல்லோர் முன்னாலும் கேட்கப்படும். கேட்கப்போவது நான். பிரசன்னாவிடமும், எங்கே இருக்கிறானோ தெரியாத ஜெகனிடமும். பலகை என் கழுத்தில் இருக்கும். பழைய கயிறு இற்றுப்போய்விட்டது, புதிதாகக் கோத்துவிட்டேன். அன்றைக்குப் பிறகு அது எந்தப் பிள்ளையின் கழுத்துக்கும் போகாது. திருப்பித் தர மாட்டேன்.

மேடை வேண்டாம், மைக் வேண்டாம். கேட்டைச் சாத்தச் சொன்னாலும் சொல். வெளியே நின்று பேசினாலும் என் குரல் கடைசி வரிசை வரை கேட்கும் என்பது உனக்குத் தெரியாததா?

என் இடது பக்கம் நிஷா நிற்பாள். வலது பக்கத்தைக் காலியாக விட்டு வைக்கிறேன், எழில்.

உன் அக்கா,
ஆக்னஸ்