ஊறுகாய் பாட்டிலில் மூன்று பிள்ளைப்பூச்சி

நாகலூர்,
நவம்பர் 9

அன்பு மகள் சாராவுக்கு,

என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளை ஆசிரும் ஃபுளோரிடாவில் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்வாள். அதனால்தான் கடிதம்.

உன் புல்தரை ஆராய்ச்சிக்குக் கேட்ட பிள்ளைப்பூச்சி கிடைத்துவிட்டது. எஸ்டேட் பங்களாப் புல்வெளியில் மண் மேடுதட்டியிருந்த இடமாகப் பார்த்து சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டே நிமிடத்தில் மூன்று பேர் திக்குமுக்காடி மேலே வந்தார்கள். லென்ஸ் வைத்து எண்ணினேன். முன்னங்காலுக்கு நான்கு நகம். உங்கள் கோல்ஃப் மைதானத்தைப் பாழாக்கும் வந்தேறிப் பிள்ளைப்பூச்சிகளுக்கு இரண்டிரண்டுதான் என்றாயே! அவற்றில் ஒரு வகை புல்வேரைத் தின்னும், மற்ற வகை புழுவைத் தின்றாலும் மண்ணைக் குடைந்தே புல்லைக் காயவிடும் என்றாய். நம்முடையது வேரையும் விடாது, புழுவையும் விடாது. சரியான சாப்பாட்டு ராமன்.

மூன்றையும் ஊறுகாய் பாட்டிலில் போட்டு, சாரா கேட்டாள் என்று மட்டும் உன் அம்மாவிடம் சொன்னேன். தப்பு அங்கேதான். மறுநாள் பார்த்தால் பாட்டிலுக்குள் உருளைக்கிழங்கு சீவிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு நீ வரும்வரை அவை உயிரோடு இருக்க வேண்டுமாம். பக்கத்து வீட்டு முத்தாயி வேறு, “மலைவாழப் பழத்துக்குள்ள வெச்சு முழுங்கோணுங்க, கடிக்கக் கூடாதுங்க” என்று பாடம் நடத்துகிறாள். குழந்தை வேண்டிப் பெண்கள் அதை விழுங்குகிற பழைய வழக்கம்தான். நீயே மனமிறங்கி அதற்காகக் கேட்டுவிட்டாய் என்று உன் அம்மா நினைத்துவிட்டாள்.

உண்மையைச் சொல்லிவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “ஏனுங்க, போன தடவ அவ வந்தப்ப இன்னும் விசேசம் இல்லையான்னு நாலு பேர் முன்னால நான் கேட்டிருக்கக் கூடாதுங்க. அதுக்குத்தான் புள்ள ஊட்டுப்பக்கமே வாரதில்லீங்க” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்று நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவளைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது என் தப்பு.

நக எண்ணிக்கைதானே உனக்கு வேண்டும்; பூச்சிகளைக் கோழிக்குப் போட்டாயிற்று. இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று முத்தாயியிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். காப்பிப் பழம் நன்றாகச் சிவந்திருக்கிறது. உன் அறைக்கு நானே வெள்ளையடித்தேன், கொஞ்சம் திட்டுத்திட்டாக இருக்கும், பொறுத்துக்கொள்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வா, சாமி. யாரும் எதுவும் கேட்கமாட்டோம். கடவுள் உன்னையும் மாப்பிள்ளையையும் என்றும் காக்கட்டும். எங்களுக்கு இருக்கிற ஒரே பிள்ளை நீதான், கண்ணு. உன்னைப் பார்த்து மூன்று வருஷமாகிறது.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா
பெரியநாயகம்