க்ளேரின் சிவந்த கண்கள்

14.7.99, புதன்

கதகளியும் மலையாளமும் படிக்க ஆறு வாரத்துக்கு ஃபிரான்ஸிலிருந்து வந்து எங்கள் மாடியில் தங்கியிருக்கும் க்ளேர், சாயங்காலம் கண்கள் செக்கச்செவேலென்று இருக்க, பேசாமல் மேலே போனாள். அழுதிருக்கிறாள் என்று டெலிபோன் பூத்துக்கு ஓடி அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவளை அனுப்பிய பல்கலைக்கழகத்தில் பேசி உடனே திரும்ப அழைத்துக்கொள்வதாகச் சொன்னாள் அந்த அம்மா.

சாப்பிட வந்தவளிடம் ஏன் அழுதாய் என்றேன். சிரித்தாள்.

"ஞான் அழலை, ஆன்ட்டி. வேஷத்துக்குக் கண்ணு சிவக்கணும்னு ஆசான் கண்ணுல சுண்டப்பூ விதை இட்டதாணு."

"இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவ, இதுகூடத் தெரியாதா நோக்கு?" என்கிறார் ஆத்துக்காரர். கதகளியை நான் எங்கே கிட்டப் போய்ப் பார்த்தேன்?

திரும்ப ஓடினேன். பூத்காரன் பூட்டிவிட்டுப் போய்விட்டான். அம்மாவுக்கு ஃபோன் பண்ணியதை க்ளேரிடம் இன்னும் சொல்லவில்லை. மாடியில் கால் சத்தம் கேட்கிறது. நாளைய பாடத்தை ஆடிப் பார்க்கிறாள்.