எட்டாம் படியிலிருந்து இரண்டுக்கு

ஜூலை 7, திங்கள்

விடாத மழை. முதலில் ஒரு மன்னிப்பு. தினமும் மூன்று நல்ல விஷயங்கள் எழுத ஆபீசில் கொடுத்த நோட்டு இது. நான் புலம்ப எடுத்திருக்கிறேன். வேறு நோட்டு இல்லை. எங்கள் ஒற்றை அறையில் வாய்விட்டுப் புலம்ப இடமும் இல்லை.

என் வேலை: தாராவிப் பெண்கள் பத்துப் பேருக்கு நம்பிக்கையோடு யோசிக்கப் பயிற்சி. எட்டு வாரம். ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரே கேள்வித்தாள். ஓர் ஏணிப் படம், பூஜ்யத்திலிருந்து பத்து வரை. 'இன்று நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள்?' அவ்வளவுதான். உச்சிதான் நல்ல வாழ்க்கை என்று யாரும் எழுதவில்லை. அதைச் சொல்லவும் வேண்டுமா என்று விட்டுவிட்டார்கள்.

இன்று கணக்கு வந்தது. செம்பூர் குழு ஏறிவிட்டது. என் பத்தில் எட்டுப் பேர் அதே எண். இருவர் சறுக்கல். மாரியம்மா ஏழிலிருந்து மூன்று. வகுப்பில் அதிகம் சிரித்த செல்வியக்கா எட்டிலிருந்து இரண்டு!

எங்கள் ஆபீஸ் மேடம் மாட்டுங்காக்காரர், லிஃப்ட் வைத்த கட்டிடம். குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயம். "உன் குரூப் மட்டும் ஏம்மா இப்படி? வியாழக்கிழமை சொல்லு. உன் பர்மனென்ட் பத்தியும் அன்னிக்கே பேசிடலாம்."

நல்ல விஷயம் 1: குடை உடையவில்லை.
2:
3:

ஜூலை 8, செவ்வாய்

செல்வியக்கா வீடு. இட்லித் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். எட்டு ஏன் இரண்டாச்சு என்று கேட்கக் கூச்சம். இரண்டு டீ குடித்தபிறகுதான் வாய் வந்தது.

"ஏட்டி, அப்போ எட்டுப் படி ஏறி மேல பாடாவுக்குக் கெடந்தோம். இப்போ கீழ் வீட்டையே வெலைக்கு எடுத்தாச்சுல்லா? வாசல்ல ரெண்டே படி. கொடத்தத் தூக்கிட்டு ஏற வேண்டாம், மழையில வழுக்க வேண்டாம்."

"அப்போ சந்தோஷமா இருக்கியளாக்கா?"

"பாத்தா தெரியலையா? காலேஜ் படிச்ச புள்ள கேக்குற கேள்வியப் பாரு!"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இங்கே வீட்டுக்காரர் கீழே, பாடா கொடுக்கும் வாடகைக்காரர் மேலே. நடுவில் இரும்பு ஏணி. பிறந்ததிலிருந்து நானே அதில்தான் ஏறி இறங்குகிறேன். எனக்குத் தோன்றவில்லையே. பட்டம் வேறு.

நல்ல விஷயம்: இஞ்சி டீ. இரண்டு.

ஜூலை 9, புதன்

மழை, சாக்கடை, நனைந்த செருப்பு. மீதி ஒன்பது வீடும் முடித்தாயிற்று. ஐந்து பேர் வீட்டு ஏணியைத்தான் எண்ணியிருக்கிறார்கள். வீடு மாறவில்லை, எண்ணும் மாறவில்லை. மூன்று பேர் "மொத போட்டதையே போடு" ரகம்.

மாரியம்மா மட்டும் வேறு. "எனக்கு ஏணியே கெடையாது, கீழ் வீடு. மூணுன்னா மூணுதான். மவன் பேசி ஒரு மாசம் ஆச்சு." பிறகு எனக்கு முறுக்கு எடுத்து வைத்தாள். நான் என்ன பயிற்சி கொடுத்தேன் இவளுக்கு?

வீட்டுக்கு வந்தால் அம்மா: "நல்லதையே நெனைங்கன்னு ஊருக்குச் சொல்லிக் குடுக்கவ மூஞ்சியாட்டி இது?"

ஜூலை 10, வியாழன்

சொல்லிவிட்டேன். குரல் பாதியில் தேய்ந்தது. மறுபடி ஆரம்பித்தேன். மேடம் சிரித்துவிட்டார்.

"அவ்வளவுதானே? எல்லாத்தையும் பத்துலேர்ந்து கழிச்சுடேன். அஞ்சு நிமிஷ வேலை."

"முடியாது மேடம்."

இந்த வார்த்தையை ஆபீசில் முதல்முறை சொல்கிறேன்.

"ஏன்?"

"மாரியம்மாவோட மூணு, ஏழாயிடும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சரி. பத்து நாள் தரேன். பத்துப் பேரையும் மறுபடி கேட்டுண்டு வா. கேள்வியை நான் மாத்தி எழுதித் தரேன். பர்மனென்ட் அதுக்கப்புறம். வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல மேடம்."

படி இறங்கிவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம்கூடக் கிடைத்தது. எரிச்சல் மட்டும் இறங்கவில்லை. சொல்ல இருந்தது. இங்கேயாவது எழுதுகிறேன்:

கேள்வியை எழுதும்போதே என்னைக் கூப்பிடுங்கள், மேடம்.