காய்ச்சல் விட்ட செவ்வாய்க்கிழமை

1953 மார்ச் 9, திங்கள்

காலையிலேயே வெயில். ஆஸ்பத்திரி வேலைக்காரர்களில் பாதிப் பேர் மண்டைக்காட்டுக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு. சலவைக்காரரும் இல்லை. நேற்றைய போர்வையே இன்றும்.

கட்டில் 7, சூசை. கடலுக்குப் போகிறவர். டைபாய்டு, மூன்றாவது வாரம். பால், குளுக்கோஸ் தண்ணீர் மட்டும். குடல் புண்ணாயிருக்கும், கெட்டியாக ஒன்றும் போகக் கூடாது என்று அவருடைய அம்மா திரேசாளிடம் மறுபடி சொன்னேன்.

“பாலும் வெள்ளமும் குடிச்சி எம்புள்ள எலும்பாயிட்டான் சிஸ்டர். பசிக்கின்னு என் கையப் பிடிச்சி அழுவான்.”

“அழட்டும். இந்தப் பசியில சாவ மாட்டாரு.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பட்டும்.

செருப்பு வார் அறுந்தது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

கோபம் இன்னும் ஆறவில்லை.

காலையில் சூசைக்குக் காய்ச்சல் இல்லை. உடம்பு சில்லென்று. திரேசாள் ஜெபமாலையோடு கட்டில் கட்டிலாக: “மாதா கண்ணத் தொறந்துட்டா.” வார்டே சிரிக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. டைபாய்டு ஒரே ராத்திரியில் இப்படி இறங்காது. நாடி பிடித்தேன், தறிகெட்ட ஓட்டம். குளிர்ந்த வேர்வை. வயிறு பலகையாக இறுகிக் கிடந்தது. கட்டிலுக்கடியில் வாழையிலை, அதில் மரச்சீனிக் கிழங்கும் மீன்முள்ளும்.

டாக்டர் வந்தார், தொட்டார். “குடல்ல ஓட்டை. உடனே ஆபரேஷன்.”

திரேசாள் கட்டிலை மறித்தார். “காய்ச்சல் விட்ட புள்ளையவா வெட்டப் போறிய?”

“காய்ச்சல் விடல்ல. உள்ள சீழ் பரவுது. உங்க கிழங்கு செஞ்ச வேலை.” வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

“ஒரு துண்டுதானே” என்று திரேசாள் திரும்பத் திரும்ப.

சூசையின் மனைவி ரோசம்மா முன்னால் வந்தாள். “வெட்டலேன்னா சிஸ்டர்?”

“நாளைக்கு இருக்க மாட்டாரு.”

“வெட்டினா?”

“சொல்ல முடியாது.”

மாமியாரைப் பார்க்காமலே சம்மதத் தாளில் கைநாட்டு வைத்தாள்.

மார்ச் 12, வியாழன்

ஆபரேஷன் முடிந்து சூசைக்கு உயிர் இருக்கிறது. அவ்வளவுதான். நரம்பில் உப்பு நீர். நாடி கொஞ்சம் பரவாயில்லை. வாய் வழியாக எதுவும் கிடையாது.

டாக்டர் போகிற போக்கில்: “தின்னாமலேயும் ஓட்டை விழும் சிஸ்டர். அந்த அம்மாவ விடுங்க.” தெரியும். எனக்குத் தெரியாதா? விடத்தான் முடியவில்லை.

திரேசாள் வராந்தாவில். மகன் வாயில் ஏதாவது படாமல் தானும் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாராம். இனி இவருக்கும் ஒரு கட்டில் போட வேண்டும். கஞ்சியை முன்னால் வைத்து, குடிக்கிற வரை நகராமல் நின்றேன்.

செருப்பு வரவில்லை. வெறுங்காலோடு வார்டு. மேட்ரனிடம் வசவு.

மார்ச் 16, திங்கள்

மேகம். மழை இல்லை.

சூசைக்கு இன்று பார்லித் தண்ணீர், கரண்டியால் மட்டும். ரோசம்மா பிள்ளையைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தாள். எனக்கு நாடி பார்க்க ஒரு கை வேண்டும். கரண்டி பிடிக்க வேறு ஆள் இல்லை. வராந்தாவுக்குப் போய்க் கரண்டியைத் திரேசாளிடம் நீட்டினேன். கோபம் இன்னும் இருந்தது.

“ஒரு கரண்டி. நான் சொன்னா அடுத்தது.”

கொடுத்தார். பாதி தாடையில் வழிந்தது. சூசை விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தார். “இன்னும் தா அம்மா. பசிக்கி.”

திரேசாள் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு இரண்டு கையையும் மடிக்குள் இறுக்கிக்கொண்டார்.

“பொறு மக்கா. சிஸ்டர் சொல்லட்டு.”