காத்திருப்புப் பட்டியல், எண் ஒன்று

ஜூன் 10, திங்கள்

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக்கடைக்கு ஒரு பெண் வந்தாள். எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்தாள். "கண்ணு நல்லாயிருக்குன்னு எழுதிக் குடுங்க சார், வேலைக்குக் கேக்குறாங்க." முதலாளி பலகையைத் திருப்பி மாட்டினார். பின்பக்கத்தில் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்றுதான் தோன்றியது.

மதியம் பல்கலைக்கழகப் பட்டியல் வந்தது. கண்பார்வை சோதிக்கும் படிப்பான ஆப்டோமெட்ரியில் மொத்தம் நாற்பது இடம். நான் நாற்பத்தொன்று. அதாவது காத்திருப்புப் பட்டியலில் எண் ஒன்று.

நாற்பது பேரில் ஒருத்தர் வேண்டாம் என்று சொன்னால் போதும். பள்ளி முடித்து ஒரு வருடமாகக் கண்ணாடிக்கடையில் நின்று பிறர் கண்ணைப் பார்த்ததற்கு அந்தப் படிப்புதான் அர்த்தம். வேறு எதுவும் வேண்டாம் எனக்கு.

ஜூன் 11

அப்பா பஸ் டிப்போ முழுக்க "என் பொண்ணு ஒண்ணாம் நம்பர்" என்று சொல்லிவிட்டாராம். எதில் என்று சொல்லவில்லையாம்.

ஜூன் 16, ஞாயிறு

சித்தி வந்தாள், மகளையும் இனிப்புப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு. மகளுக்கு வீட்டில் பெயர் தங்கம். எனக்கும் அவளுக்கும் மூன்று மாத வித்தியாசம். மதிப்பெண்ணில் வித்தியாசம் அதைவிடப் பெரியது, அதைச் சித்தி மறக்கவிட்டதில்லை. தங்கம் மருத்துவத்துக்குக் காத்திருக்கிறாள். அந்த முடிவு வர இன்னும் ஒரு மாதம் ஆகும்.

"சும்மா இருக்கட்டுமேன்னு ஆப்டோமெட்ரியும் போட்டு வச்சோம். ஏழாவதா வந்திருக்கா. சேர்ந்துட்டா."

அம்மா பள்ளிச் சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஊசி அப்படியே நின்றது.

"மெடிக்கல் கிடைச்சா இதை விட்டுடுவாளா?"

"கிடைக்கட்டும், பாக்கலாம்க்கா. அதுவரைக்கும் கையில ஒண்ணு இருக்கட்டும்."

தங்கம் என்னைப் பார்க்காமல் இனிப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நானும் அதற்குத்தான் காத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். சித்திக்கும் தெரியும். போகும்போது, "உனக்கும் கிடைச்சா ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கலாம்" என்றாள் சித்தி. அவர்கள் தெரு முனை திரும்பும் வரை அம்மா வாசலில் சிரித்துக்கொண்டே நின்றாள். உள்ளே வந்ததும் சொன்னாள்: "வைக்கோல் போர்ல படுத்த நாய். தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது." தன் கூடப்பிறந்தவளை அம்மா இப்படிச் சொல்லி இதுவரை நான் கேட்டதில்லை.

ஜூன் 17

இனிப்பை யாரும் தொடவில்லை. எறும்புக்கு மட்டும் யார்மேலும் கோபம் இல்லை.

ஜூலை 4, வியாழன்

தங்கத்துக்குப் புதுக் கண்ணாடி வேண்டுமாம். கல்லூரிக்குப் போகிற பெண் பழைய கண்ணாடியோடு போகலாமா? அதற்கும் எங்கள் கடைதான் கிடைத்தது.

அளவு எடுப்பது என் வேலை. அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, மூக்குக்கு மூக்கு ஒரு முழ தூரத்தில் நான் உட்கார்ந்து, அளவுகோலை அவள் புருவத்தின் கீழ் வைத்து, "என் இடது கண்ணைப் பார்" என்றேன். பார்த்தாள். "இப்ப வலது." பார்த்தாள். கண்மணியிலிருந்து கண்மணிக்கு அறுபத்திரண்டு மில்லிமீட்டர்.

இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து எப்படிக் கேட்காமல் இருந்தேன்? தொண்டை வரை வந்தது. சித்தி ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால் பிச்சை கேட்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேனா? தங்கமே முணுமுணுத்தாள்: "அம்மாதான்டி விட வேணாங்கிறாங்க."

உனக்கு வாய் இல்லையா என்று கேட்கவில்லை. அறுபத்திரண்டு என்று எழுதிக்கொண்டேன். அறுபத்தைந்து என்று எழுதி அனுப்பினால் ஆறு மாதம் தலைவலியோடு திரிவாள். எழுதலாமா என்று ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தேன். யோசித்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன், வேறு எங்கே ஒப்புக்கொள்வது.

ஜூலை 19, வெள்ளி

தங்கத்துக்கு மருத்துவம் கிடைத்துவிட்டது. வேறு ஊரில், பத்து மணி நேரப் பயணம். அம்மா தையற்கடையிலிருந்து பாதியில் எழுந்து வந்துவிட்டாள். சித்தி வீட்டுக்குக்கூட இவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது. இனி விட்டுவிடுவாள். பட்டியல் மூட இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

ஜூலை 24

நான் இன்னும் எண் ஒன்று.

பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டேன். "ஒண்ணாம் நம்பர்தானே, அப்புறம் என்ன கவலை?" என்று அந்த ஆள் வைத்துவிட்டார்.

ஜூலை 28, ஞாயிறு

அம்மா மானத்தை விட்டுச் சித்தியிடம் பேசினாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"அங்க ஹாஸ்டல் இன்னும் உறுதியாகலைக்கா. ஊரு ஒத்துக்குதா, தண்ணி ஒத்துக்குதான்னு பாக்கணும்ல? பொண்ணைத் தனியா விடுறோம்."

"அதுக்கில்லடி, முப்பத்தொண்ணோட மூடிடுவாங்க…"

"விடாமலா இருப்பா? என்னக்கா நீ, யாரோ மாதிரி பேசுற."

யாரோ மாதிரி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரோ என்றால் சண்டை போட்டிருக்கலாம்.

ஜூலை 31, புதன்

மூன்று மணிக்குத் தங்கத்துக்குச் செய்தி அனுப்பினேன்: "இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள. ப்ளீஸ்." வாழ்க்கையில் அவளிடம் முதல் ப்ளீஸ். பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதில் இல்லை.

நாலேகாலுக்கு ஒரு தாத்தா வந்து உட்கார்ந்தார். அவருக்குக் காதுக்குப் பின்னால் கம்பி குத்துகிறதாம். அதை வளைத்துக்கொண்டே போனைப் பார்த்தேன். எண் ஒன்று. நாலு நாற்பது, எண் ஒன்று. தாத்தா "இன்னும் குத்துதும்மா" என்றார். அஞ்சு மணிக்குப் பக்கம் மாறியது. பட்டியல் மூடப்பட்டது என்று ஒரே ஒரு வரி.

முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாத்தாவின் கண்ணாடியைத் தானே வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 1

காலை 9.40. தங்கம்: "சாரிடி, பேக்கிங்ல மறந்தே போச்சு. இப்ப விட்டுட்டேன். செக் பண்ணிப் பாரு."

நாசமாப் போ. நல்லாப் படிச்சு டாக்டராகி நாசமாப் போ.

ஆகஸ்ட் 2

நேற்று எழுதியதை அடிக்கப் பார்த்தேன். மனம் வரவில்லை. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மிச்சம் மீதி இருக்கும் இடங்களுக்குக் கூப்பிட்டார்கள். வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் ஆகிவிட்டது. கவுன்ட்டரில் இருந்தவர் திரையைப் பார்த்தபடியே, "புள்ளியியல் ஒண்ணு, தாவரவியல் நாலு. சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க" என்றார். ஆப்டோமெட்ரியில் ஒரு இடம் காலியாக இருக்கிறதே என்றேன். "மூடின பட்டியல்மா அது." காலியாக இருக்கும், ஆனால் கொடுக்க மாட்டார்கள். புள்ளியியல் என்றேன்.

எனக்குப் பின்னால் நின்ற சுருட்டைமுடிக்காரி சத்தமாகவே பெருமூச்சு விட்டாள். அவளுக்குத் தாவரவியல்தான் கிடைத்தது.

முதலாளி கேட்டுவிட்டு, "நீயா? இன்னிக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு கேட்டா 'நிறைய'ன்னு சொல்ற ஆளாச்சே" என்றார். அப்புறம் கடையின் குட்டி ஸ்க்ரூடிரைவரை என் பையில் போட்டார். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

ஆகஸ்ட் 26, திங்கள்

விடுதியில் முதலாண்டு அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன. வார்டன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். "லேட்டா வந்தா எல்லாம் லேட்டாத்தான் கிடைக்கும்." எங்கே கொண்டுபோய்விட்டார் என்றால், நோயறைக்கு. இரண்டு இரும்புக் கட்டில், ஒரு வாஷ்பேசின், சுவரில் கை கழுவும் முறை பற்றிய படம். டெட்டால் வாடை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஒரு கட்டிலைக் காலி செய்துகொடுத்துவிட்டு வாசிப்புக்கூடத்தில் பாய் போட்டுக்கொள்ள வேண்டும். அறை காலியானால் சொல்வார்களாம்.

இன்னொரு கட்டிலில் அந்தச் சுருட்டை.

"கடைசி இடத்தைத் தூக்கிட்டுப் போனது நீதானா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான். கேட்டிலிருந்து இந்த அறைக்கு முந்நூற்றுப் பதினேழு அடி என்றும் சொன்னாள். எண்ணிக்கொண்டே வந்தாளாம். எண்கள் பிடிக்குமாம், அவள் கேட்டது புள்ளியியல் மட்டும்தானாம்.

செப்டம்பர் 2

வாந்தியும் காய்ச்சலுமாக ஒருத்தி வந்தாள். நான் எழுவதற்குள் சுருட்டை பாயைச் சுருட்டிவிட்டாள். "நீ படு. எனக்குத் தரைதான் வசதி."

செப்டம்பர் 6

ஆப்டோமெட்ரி வகுப்பு இரண்டாம் மாடியில். எனக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை, ஆனாலும் போனேன். முப்பத்தொன்பது பேர். ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி காலி. யாரோ அதன்மேல் குடை வைத்திருந்தார்கள்.

செப்டம்பர் 11

வகுப்பில் இன்று நிகழ்தகவு. நாற்பது பேரில் ஒருவராவது விலகுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஆசிரியை கணக்குப் போட்டார். கிட்டத்தட்ட நிச்சயம் என்று வந்தது. நான் பேனாவை மூடிவைத்துவிட்டேன். இரவு அந்தக் கணக்கைச் சுருட்டை என் நோட்டில் பார்த்துத் தானாகவே மறுபடி போட்டாள், பொழுதுபோக்குக்காக.

செப்டம்பர் 18, புதன்

துறை மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன், இன்று அறிவிப்பு. ஆப்டோமெட்ரியில் ஒரு இடம். கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைத்துவிட்டது. நாளை முதல் இரண்டாம் மாடி, ஜன்னல் ஓர நாற்காலி.

ஆனால் தற்காலிகமாகத்தான். தவறவிட்ட பாடத்தையெல்லாம் சேர்த்து அக்டோபர் 18 அன்று தேர்வு வைப்பார்கள். தேறினால்தான் உறுதி. புள்ளியியல் இடம் அதுவரை என் பெயரில் இருக்கலாம். விடுவதாக இருந்தால் இருபத்தேழாம் தேதி ஐந்து மணிக்குள் விலகல் படிவம் கொடுக்க வேண்டும், அடுத்தவருக்குப் போகும். அதற்குப் பிறகு விட்டால் இந்த வருடம் யாருக்கும் கிடையாது.

அடுத்தவர் யார் என்று பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு பெயர்தான்.

சுருட்டை எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டாள். என்னைக் கட்டிக்கொண்டாள். படிவம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

செப்டம்பர் 20

எலும்பு, தசை, நரம்பு. ஆறு வாரப் பாடம் பாக்கி. கண்ணாடிக்கடையில் கற்றதெல்லாம் இங்கே முதல் பத்துப் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. தேறவில்லை என்றால்?

செப்டம்பர் 22, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். புள்ளியியலை விட்டுவிடவா என்று கேட்டேன்.

"பைத்தியமாடி நீ? பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் கையில ஒண்ணு இருக்கட்டும்."

அம்மா தான் சொன்னதைத் தானே கேட்டிருப்பாள். "சாப்பிட்டியா?" என்றாள் பிறகு. சாப்பிட்டேன் என்றேன்.

செப்டம்பர் 25, புதன்

சுருட்டையின் கண்ணாடிக் கம்பி கழன்றுவிட்டது. குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். முடுக்கிவிட்டு, சரியாக உட்காருகிறதா என்று பார்க்க அவளை எதிரில் உட்காரவைத்தேன். அதே ஒரு முழ தூரம். "என் இடது கண்ணைப் பார்" என்றேன், பழக்கத்தில்.

பார்த்தாள். அவள் தொண்டை ஏறி இறங்கியது. எனக்குத் தெரியாதா அது என்ன என்று? அன்று தங்கத்தின் எதிரில் கேட்காமல் உட்கார்ந்திருந்தது நானல்லவா.

கேட்கவில்லை அவள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கொடுத்திருப்பேனா?

"அம்மாதான் பரீட்சை முடியட்டும்னு சொல்றாங்க" என்றேன். யாரும் கேட்காமலே.

"சரிதானே" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

படிவத்தைக் காலையிலேயே நிரப்பிவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று. உடற்கூறுப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு நாலு மணிக்கு அலுவலகம் போனேன். எனக்கு முன்னால் மூன்று பேர், அப்புறம் இரண்டு பேர், அப்புறம் ஒருத்தர். போன வாரச் சிறு தேர்வில் இருபதுக்கு ஏழு. அந்த ஏழுதான் கண்ணுக்குள் நின்றது. என் முறை வந்தபோது, "கழிப்பறை எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். எந்தப் பக்கம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அஞ்சு மணிக்கு ஷட்டரை இறக்கினார்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். ஒருவேளை தங்கமும் மறக்கவில்லையோ?

செப்டம்பர் 28, சனி

தங்கத்திடமிருந்து செய்தி: "ஆப்டோமெட்ரி கிடைச்சிடுச்சாமே! பெரியம்மா சொன்னாங்க. இன்னும் என்மேல கோபமாடி?"

இல்லை என்று பதில் போட்டேன். பொய் இல்லை.

சாயங்காலம் வார்டன் காய்ச்சல்காரி ஒருத்தியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். சுருட்டை கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை, கால் விரல் ஆடிக்கொண்டிருந்தது. இன்று அவள் எழுந்திருக்கவில்லை. பாயை நான் எடுத்துக்கொண்டேன்.

வாசிப்புக்கூடத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன். தரை அவள் சொன்ன அளவுக்கு வசதியாக இல்லை.