பயில்வான் எழுத்து

மார்ச் 4
ண இன்றும் அடங்கவில்லை. ஒரு மரச்சாமான் கடையின் சாலையோர விளம்பரப் பலகைகளுக்கு நான் வரையும் எழுத்துருவில் ஒன்று இது. தடிமனாகவும் இருக்க வேண்டும், அகலமும் குறைய வேண்டும். அத்தனை சுழிகளையும் நான் எங்கே கொண்டுபோய்த் திணிப்பது? அலுவலகத்தில் இந்த எழுத்துருவுக்குப் பயில்வான் என்று பெயரே வைத்துவிட்டார்கள். "சுழிக்குள்ள இருக்கற வெள்ளைய இன்னும் குறைங்க, நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கணும்" என்கிறார் மேலாளர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

மார்ச் 9
அம்மாவின் பார்வை இன்னும் மங்கிவிட்டது. அண்ணன் போனில் பிடி பிடியென்று பிடித்தான். "நீ ஆபீஸ் போயிட்டா பகல் முழுக்க அவங்க தனியா இருக்காங்க. நான் கூட்டிட்டுப் போயிடறேன்." அவன் ஊருக்கு எட்டு மணி நேரப் பயணம். அம்மா, "நான் எங்கயும் வரலை. என்னை நானே பாத்துக்குவேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் அவளை விட மனமில்லை. அப்பா போனபிறகு அவளுக்கு நான், எனக்கு அவள்.

மார்ச் 10
மாத்திரைகளை அம்மா ஒரு நசுங்கிய தகர டப்பாவிலும் ஒரு உருண்டை டப்பாவிலும் வைத்திருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே மாதிரி இரண்டு வெள்ளை டப்பாக்கள் வாங்கினேன். சர்க்கரை, அழுத்தம் என்று பயில்வானிலேயே அச்செடுத்து ஒட்டினேன். இதைவிடக் கறுப்பாக எவன் எழுத முடியும்?
"தெரியுதாம்மா?"
"ஜம்முனு தெரியுதுடி."
அண்ணனுக்குப் படம் அனுப்பினேன், கொஞ்சம் திமிரோடுதான்.

மார்ச் 17
ண அடங்கிவிட்டது!

ஏப்ரல் 2
ஆஸ்பத்திரி. அழுத்த மாத்திரை என்று நினைத்து இன்னொரு சர்க்கரை மாத்திரையைப் போட்டிருக்கிறாள். சாப்பிடவும் இல்லை. நான் வந்தபோது சமையலறைத் தரையில் கிடந்தாள். உடம்பெல்லாம் வியர்வை.

ஏப்ரல் 3
கண் விழித்தாள். டாக்டர் பயமில்லை என்றார்.
"ஏம்மா, தெரியுதுன்னுதானே சொன்னே?"
"கறுப்பா ஒரு பட்டை தெரிஞ்சுதுடி. ரெண்டுலயும் அதே பட்டை. நீ அவ்வளவு ஆசையா ஒட்டினே, எப்படிச் சொல்றது? பழசுன்னா தடவிப் பாத்தே எடுத்துடுவேன்."
சின்ன அளவில் பயில்வானின் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைத்துக்கொள்ளும் — புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடம். அதை வீட்டில் மறந்தேன். எனக்கு அழகு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 5
அண்ணன் வந்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஏப்ரல் 6
அம்மாவே சொல்லிவிட்டாள்: "நான் அண்ணன்கூடப் போறேன். இனி உன்னால நிம்மதியா ஆபீஸ்ல உக்கார முடியாது." மறுத்துப் பேச எனக்கு என்ன முகம் இருக்கிறது?

மே 11
அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அண்ணனின் காரில் போகும்போது, ஊர் எல்லை தாண்டியதும் அம்மா சட்டென்று என் கையைப் பிடித்தாள். "கொஞ்சம் நிறுத்தச் சொல்லு." சாலையோரம், ஆள் உயர எழுத்துகளில் அந்த மரச்சாமான் கடையின் பலகை. தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்: "கட்டில்... மெத்தை... பாதி... விலை."
"இதானேடி நீ எழுதினது?" என்றாள். பிறகு அண்ணனிடம், "பாத்தியாடா, எனக்கே தெரியுது" என்றாள், குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு.
அண்ணன் வண்டியை எடுத்தான்.
திரும்பி வரும்போது பேருந்தில் அந்தப் பலகை வரும் பக்கத்து ஜன்னலில் இடம் காலியாக இருந்தது. நான் மறுபக்கம் உட்கார்ந்துகொண்டேன்.