ஓடைக்கரை அலையாத்தி

ஜனவரி 7
கல்லூரி முடிந்து நேரே ஓடைக்குப் போனேன். டிசம்பர் புயல் அலையாத்திக் காட்டில் ஓர் இலையைக்கூட விட்டுவைக்கவில்லை. பாதி மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. நிற்பவற்றில் ஒரு கிளையை நகத்தால் கீறினேன் — உள்ளே பச்சை! சேற்றில் நின்று தனியாகச் சிரித்தேன். தாவரவியல் டீச்சருக்குப் பைத்தியம் என்று தருவைகுளம் முழுக்கப் பேசியிருக்கும்.

ஜனவரி 12
ஊர்க் கூட்டம். தலைவர் என் சொந்த அண்ணன் ஜாய்சன். "செத்த மரத்த வெட்டி மண்ணடிச்சா படகு ஏத்த இடம் ஆச்சு" என்றான்.
எழுந்தேன். "அண்ணே, அது சாகல. ஓடை வாய மணல் அடைச்சிருக்கு. கடத்தண்ணி போய் வந்தா தளுத்துரும்."
"ஏளா பிளாரன்ஸ், வெறகு தளுக்குமா?"
எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதில்தான் கோபம். கடைசியில் ஆகஸ்ட் வரை தவணை. ஓடை வாயை நாங்களே வெட்டிக்கொள்ள வேண்டும்.
நாங்கள் என்றால் யார்? நானும் என் வாயுமா?

ஜனவரி 26
மண்வெட்டியோடு ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள்! நண்டு பிடிக்கிற அமலோற்பவம் அக்காவும் அவள் கூட்டாளிகளும். என் வீட்டுக்காரர் கிளாட்வினுக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. "கப்பலுன்னா கயிறு போட்டு இழுத்துருவேன், இந்த மணல எங்கன புடிச்சு இழுக்க?" என்று புலம்பிக்கொண்டே வெட்டினார். சாயங்காலம் கடல் தண்ணீர் கயிறு போல உள்ளே நுழைந்தது. அக்கா குரவை போட்டாள்.

பிப்ரவரி 19
தண்டிலிருந்தே தளிர்!!

மே 3
கடல் பக்கத்து மரங்கள் தளிர்க்கவில்லை. மூச்சுவேர்கள் மணலில் புதைந்துவிட்டன. இப்போது கீறினால் உள்ளே பழுப்புதான். அண்ணன் வந்து பார்த்தான். "பாத்தியா?" என்றான். பார்த்தேன். எல்லாம் பிழைக்கும் என்றல்லவா கூட்டத்தில் பேசினேன்? சவத்துக் கண்ணு, கலங்கிட்டு.

ஜூலை 14
அமலோற்பவம் அக்கா போன் செய்தாள். "டீச்சர், அந்தச் செத்த மரத்துப் பக்கம் கால வைக்க எடமில்ல. சீக்கிரம் வாங்க."
ஓடினேன். சாய்ந்த மரக்கொப்புகளுக்கு நடுவே எங்கு பார்த்தாலும் கன்றுகள். ஓடை வழியாகக் கடல் கொண்டுவந்த விதைகள், கொப்புகளில் சிக்கி அங்கேயே வேர் விட்டிருக்கின்றன.

ஆகஸ்ட் 2
அண்ணனைக் கூட்டிப் போனேன்.
"நீ சொன்னதும் சரிதான் அண்ணே, இந்த மரங்க செத்தாச்சு. ஆனா அது சாஞ்சு கெடக்கதாலதான் விதை நின்னுச்சு. வெயிலும் கெடைச்சுது."
வெகுநேரம் குத்தவைத்துப் பார்த்தான்.
"வெட்டப் போனா இத மிதிச்சுட்டுல்லா போகணும்."
"ஆமா."
ராத்திரி கூட்டத்தில், படகு ஏற்ற கோயிலுக்குப் பின்னால் இடம் பார்ப்போம் என்று அவனே சொன்னானாம்.

நவம்பர் 9
காலையில் ஓடைக்கரையில் நின்றேன். அண்ணன் படகு கடலிலிருந்து வந்தது. ஓடை வாயிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டான்.
அவனோடு கடலுக்குப் போய்வரும் கிளைட்டன், "என்ன அண்ணாச்சி, டீசல் தீந்துட்டா?" என்றார்.
"அலை அடிச்சா கன்னு சாஞ்சுரும்லே. கம்ப எடு."
என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருவரும் கம்பை ஊன்றி ஊன்றி, சத்தமில்லாமல் என்னைக் கடந்து போனார்கள்.